என் தோளுக்கு ஊர் பேசிய சமரசம்

மீன் விக்கிறவளுக்கு மொத எதிரி வெயிலும் இல்ல, வெலையும் இல்ல, அடுத்தவங்க மூக்குதான். பஸ்ஸுல ஏறினா முந்தானையால பொத்திக்குவாங்க. ஷேர் ஆட்டோவுல ஆளுக்கு எடமிருக்கும், கூடைக்கு இருக்காது. அதனால பழவேற்காட்டுலேர்ந்து மீஞ்சூருக்கு நண்டும் எறாவும் கொண்டு போய்த் தெருத்தெருவா விக்கிற நானும் என் கூட்டாளி மல்லிகாவும், போன்ல கார் புக் பண்ற அளவுக்கு முன்னேறினோம். முன்னேறினதுக்குப் பலன், என் வலது தோள் ஒடைஞ்சுது. வாடகைக் கார்ல அடிபட்டு, நஷ்டஈடு கேட்டு நாயா அலைஞ்சவங்க யாராச்சும் இதைப் படிச்சா, பக்கத்துல வந்து குந்துங்க. நம்ம கதை ஒண்ணுதான்.

கூடைக்குப் போர்வை

கார் வரும். டிரைவர் கூடையைப் பார்ப்பான். அப்படியே ரிவர்ஸ் எடுத்துப் போயிடுவான். இந்தப் பேஜாரு தாங்காம மல்லிகா ஒரு ரோசனை பண்ணா. நண்டுக் கூடையைப் பூப்போட்ட போர்வையில சுத்தி, பச்சப் புள்ளைய தூக்கறாப்புல மடியில வச்சுக்கினு ஏறிட்டோம். அன்னிக்கு வந்த டிரைவர் பேரு தணிகாசலம். எங்க ஊர்த்தலைவர் சம்சாரத்துக்குத் தம்பி மொறை. கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில எங்களையே பார்த்தான்.

"யக்கா, கொயந்த இன்னா இப்படிக் கறுக்கு முறுக்குன்னு சத்தம் போடுது?"

நண்டு போவுது

கொழந்தை எதுன்னு தெரிஞ்சும் நல்ல மனசா எறக்கி விடல. அது வரைக்கும் சரி. ஆனா ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில போன். அடுத்த சவாரி வருதான்னு அதையே பார்த்துக்கினு ஓட்டறான். "நைனா, ரோட்டைப் பாரு"ன்னு நான் சொல்லி வாய் மூடல, கார் போய் மதகுக் கட்டையில மோதிச்சு.

நான் கதவுல போய் விழுந்தேன். தோள்ல மளுக்குனு ஒரு சத்தம். அடியம்மா, அந்த வலியை எதிரிக்கும் குடுக்கக் கூடாது. போர்வை அவுந்து நண்டெல்லாம் சீட்டுக்கடியில ஓடுது. தணிகாசலத்துக்குச் சின்னக் காயம்கூட இல்ல, ஆனா கால் வெரலை ஒரு நண்டு புடிச்சுக்கிச்சுன்னு என்னை விட ஜாஸ்தியாக் கத்தறான். இந்த அமளியில மல்லிகா என்னைப் பார்த்துச் சொன்னதை உசுரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"கையை ஆஸ்பத்திரியில பாத்துக்கலாண்டி பூங்காவனம், மொதல்ல நண்டைப் புடி!"

கோத்து விடறவங்க

ஆஸ்பத்திரியில கட்டோட கெடக்கேன். போன்ல கேள்வி வருது: பயணம் எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் குடுப்பீங்கன்னு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் போனை ஏரியில கடாசியிருப்பேன், மல்லிகாவோட போனுன்னு விட்டேன். அவளே அந்தக் கார் புக் பண்ற கம்பெனிக்குப் பேசி என் காதுல வச்சா.

உங்க வண்டியில வந்துதான் தோள் போச்சு, இன்னா செய்யப் போறீங்கன்னு கேட்டேன். போனை எடுத்த பொண்ணு தேனா பேசிச்சு. வண்டி அவங்களுது இல்லியாம். டிரைவர் அவங்க ஆளே இல்லியாம். அப்ப வாடகையில மட்டும் எதுக்குப் பங்கு எடுக்கறீங்கன்னேன்.

"மேடம், உங்களையும் டிரைவரையும் கோத்து விடறதோட எங்க வேலை முடிஞ்சிடுது."

பேசி முடிச்சுட்டாங்க

எங்க குப்பத்துல எந்தத் தகராறா இருந்தாலும் ஊர்க்கூட்டம்தான் பேசும். ஊரைத் தாண்டிப் போலீசுக்குப் போகக் கூடாது. நான் வீட்டுக்கு வந்து பார்த்தா, என் தோளையும் பேசி முடிச்சிருந்தாங்க. தணிகாசலம் மருந்துச் செலவு குடுத்துடணும், கேஸு கீஸு கெடையாது. என் அண்ணன் அதுக்குத் தலையாட்டிட்டு வந்திருக்கான். மருந்துச் செலவு சரி. இனிமே கூடை தூக்க முடியாத தோளை வச்சுக்கினு நான் எப்படிப் பொழைக்கறதுன்னு ஒருத்தர் வாயிலேர்ந்தும் வரல.

பொன்னேரியில வக்கீல் ரேவதியம்மாவைப் போய்ப் பார்த்தேன். வாடகைக் காருக்கு இன்சூரன்ஸ் இருக்கும், உள்ள உக்காந்து வந்தவளுக்கு அந்த இன்சூரன்ஸ் கம்பெனிதான் நஷ்டஈடு குடுக்கணும்னாங்க. ஆனா போலீஸ்ல புகார் இல்லாட்டி, விபத்தே நடக்கலன்னு கம்பெனி சாதிக்கும், நாளைக் கடத்தாதீங்கன்னாங்க. ஊர்ல பேசி முடிச்சுட்டாங்களேம்மான்னு இழுத்தேன்.

"அவங்க பேச்சு முடிஞ்சிடுச்சு. உங்க வலி முடிஞ்சிடுச்சா?"

ஏலத்துல நான் இல்ல

அங்கேருந்து நேரா ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் குடுத்தேன். மறுநாள் கரையில மீன் ஏலம். கூடையை மல்லிகா தூக்கிக்கறதா பேச்சு. நான் தொண்டை கிழிய வெல கேக்கறேன், ஏலக்காரர் என் பக்கமே திரும்பல. புகாரை வாபஸ் வாங்கற வரைக்கும் எனக்கு மீன் குடுக்கக் கூடாதுன்னு ஊர்க் கட்டுப்பாடாம்.

மீன் வாங்காதவ எதை விப்பா? தலைவர் அங்கதான் நின்னுக்கினு இருந்தாரு. "இன்னொரு தோளையும் ஒடைச்சுப் போடுங்க, வாபஸ் வாங்க மாட்டேன்"னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அன்னிலேர்ந்து மல்லிகா எனக்கும் சேத்து ரெண்டு பங்கா ஏலம் எடுத்தா. ஒருத்திக்கு எதுக்கு இத்தனை நண்டுன்னு ஏலக்காரர் மொறைச்சாரு.

"எனக்குப் பசி ஜாஸ்தி, உனக்கு இன்னா வந்துச்சு?"

மோந்து பாருங்க

கேஸ் போட்டதும், விசாரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிலேர்ந்து ஒரு ஆள் வந்தாரு. என்னைக் கேக்காமலே 'வீட்டு வேலை'ன்னு எழுதப் போனாரு. மீன் யாவாரம்னு எழுதுங்கன்னேன். அதுக்கு ஆதாரம் கேட்டாரு. கடை இல்ல, போர்டு இல்ல, ரசீதும் இல்ல. நல்லா இருக்கற கையை அவர் மூக்குக்கு நேரா நீட்டி, மோந்து பாருங்க, இதான் ஆதாரம்னேன். மனுசன் சேரோட பின்னால சாஞ்சுட்டாரு.

"நான் நம்பறேம்மா. ஆனா வாசனையை ஃபைல்ல வைக்க முடியாதே."

கூண்டுல தலைவர்

என் தொழிலுக்கு, மீஞ்சூர்ல என்கிட்ட நண்டு வாங்கற டீச்சரம்மா கோர்ட்டுக்கே வந்து சாட்சி சொன்னாங்க. கம்பெனி வக்கீலுக்கு மிச்சம் இருந்த ஒரே பிடி அந்தச் சமரசம்தான். ஊர்ல பேசி இந்தம்மா ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் ஆசைப்பட்டுக் கேஸ் போட்டிருக்காங்கன்னு சொல்லி, சாட்சிக்கு எங்க தலைவரையே கூட்டியாந்துட்டாரு. வெள்ளை வேட்டி சரசரக்க ஏறி நின்னாரு. ஆமா, பேசி முடிச்சோம்னாரு.

ரேவதியம்மா மெதுவா எழுந்து, அந்தக் கூட்டத்துக்குப் பூங்காவனம் வந்தாங்களா, அவங்க சம்மதத்தைக் கேட்டீங்களான்னு கேட்டாங்க. தலைவருக்கு ரோசம் வந்துடுச்சு. மார்பை நிமித்திக்கினு கோர்ட்டு முழுக்கக் கேக்கறாப்புல சொன்னாரு.

"இன்னாம்மா பேசறீங்க? எங்க கூட்டத்துல பொம்பளைங்க உக்காரவே கூடாது. அவளைப் போய் நாங்க ஏன் கேக்கறோம்?"

கேக்காதவளோட சம்மதம் செல்லாது, கம்பெனி நஷ்டஈடு குடுக்கணும்னு தீர்ப்பாச்சு. தீர்ப்புல என் பேருக்குப் பக்கத்துல 'மீன் வியாபாரி'ன்னு இருந்ததைப் பார்த்து அழுதுட்டேன். மறுநாள் ஏலத்துல நானே நின்னு வெல கேட்டேன், ஏலக்காரர் என் பக்கம் திரும்பினாரு, தலைவர் தடுக்காம கடலைப் பார்த்துக்கினு நின்னாரு. என் வாயைக் கட்டிப் போட்ட ஊர் வழக்கமே என்னை ஜெயிக்க வச்சுதுதான், அதுக்காக இனிமே வாயை மூடிக்கினு கெடப்பேன்னு மட்டும் எவனும் கனவு காண வேணாம்.