ஏழெட்டு எவ்வளவு?

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஒன்பதாவது படித்தேன். அந்த வருடம்தான் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஓர் அறையைப் பூட்டி, ஜன்னலுக்கெல்லாம் நீலத் துணி தைத்துப் போட்டார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பகலிலும் அரை இருட்டு. அந்த இருட்டில் டி.வி. பெட்டி மாதிரி ஒன்றில் பச்சைப் பச்சையாக எழுத்துகள் மினுங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வருவது போலச் சொக்கும்.

சாயங்காலக் கம்ப்யூட்டர் வகுப்புக்குச் சிலரை மட்டும் எடுப்பதாகச் சொன்னார்கள். எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. கூட்டேரிப்பட்டில் என் அப்பாவுக்குச் சைக்கிள் கடை. பத்தாவதோடு என்னை நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்திருந்தார். நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்ததில், "கம்ப்யூட்டர் கிளாஸ்ல உன்னச் சேத்துக்கினாங்கன்னா மேல படி. நான் குறுக்கால நிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். எங்கே எடுக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்!

சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று தேர்வு. வெளியே ஐப்பசி மழை. அறைக்குள் இன்னும் கற்பூர வாசனை இருந்தது. அந்த மெஷினில் எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கணக்கு விளையாட்டு. அது கேட்கும், நாம் விடையைத் தட்ட வேண்டும். சரியென்றால் 'கிணிங்' என்று ஒரு சத்தம். தப்பென்றால் தப்பு என்று ஆங்கிலத்தில் காட்டி, அதே கேள்வியை மறுபடி கேட்கும். தப்பு விட்டவர்கள் எழுந்துவிட வேண்டும்.

எனக்கு முன்னால் போன பலர் தொங்கிய முகத்தோடு எழுந்து வந்தார்கள். என் முறை வந்தது. முதல் சில கணக்குகளுக்கு 'கிணிங்' கேட்டது. மிதப்பது போல இருந்தது. பிறகு ஏழையும் எட்டையும் பெருக்கச் சொன்னது. எழுத்துகள் எங்கெங்கோ கலைந்து கிடக்கும் பலகையில் ஐந்தையும் ஆறையும் தேடித் தட்டிவிட்டு நிமிர்ந்தேன். தப்பு என்றது. எழுந்துவிட மனம் வரவில்லை. மறுபடி தட்டினேன். மறுபடியும் தப்பு.

அப்போது எனக்கு என்ன ஆனதென்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு நாளும் தப்பாகத்தான் மனப்பாடம் செய்திருக்கிறோமோ என்று தோன்றிவிட்டது. மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. என் விரல் தானாகவே ஐம்பத்து நான்கைத் தட்டியது. அதுவும் தப்பு. பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். அப்பாவின் சைக்கிள் கடை கண்ணுக்குள் வந்தது.

கணக்கு டீச்சர் பக்கத்தில் வந்தார். விழுப்புரத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தவர் என்பதால் மெஷினும் அவர் பொறுப்பு. உண்மையில் எங்களைவிட அவருக்குத்தான் அதைக் கண்டால் பயம்.

"இன்னாத்துக்கும்மா மாத்தின?"

"மெஷின் தப்புன்னுச்சே டீச்சர்."

"அது கெடக்குது. உனக்கு எவ்ளோ வருது?"

"ஐம்பத்தாறு..." எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"அப்ப ஏன் முழுங்குற? சத்தமா சொல்லு. எல்லாரும் சொல்லுங்க!"

ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு என்று ஒருத்தி ஆரம்பிக்க, அந்த அரை இருட்டில் வகுப்பே வாய்ப்பாடு பாடியது. கம்ப்யூட்டர் முன்னால் எட்டாம் வாய்ப்பாடு! ஏழெட்டு ஐம்பத்தாறு வந்ததும் எல்லோரும் கத்தினோம். தலைமை ஆசிரியை ஓடி வந்துவிட்டார். "இன்னாங்க டீச்சர், பஜனை பண்ணிக்கினு இருக்கீங்களா?"

"இருங்க மேடம்" என்ற டீச்சர், "நீ தட்டு, நான் அந்தப் பெட்டிய பாக்குறேன்" என்றார். தட்டினேன். ஐந்து மட்டும்தான் திரையில் விழுந்தது. நாங்கள் எல்லோருமே எழுத்தைத் தேடிக் குனிந்தே கிடந்ததில் யாருக்கும் அது தெரியவில்லை.

டீச்சர் ஆறாம் எண்ணை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். பள்ளியில் பூஜை போட்ட அன்று பக்தி மிகுதியில் மெஷின் முழுக்கச் சந்தனம் வைத்தவர் அவரேதான். அது இடுக்கில் இறங்கிக் காய்ந்து போயிருந்தது. தாலிச் சரட்டிலிருந்து ஊக்கை எடுத்து, எங்கள் எல்லோர் முன்னாலும் மெதுவாகச் சுரண்டினார். மறுபடி தட்டினேன். கிணிங்!

எழுந்து போனவர்களெல்லாம் "எனக்கும் ஆறு டீச்சர்!" என்று திரும்பி ஓடி வந்தார்கள். அவர்களுக்கும் இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. என்னையும் எடுத்தார்கள். அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும் சொன்ன சொல்லை மீறவில்லை.

இப்போது விழுப்புரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். "ஆன்ட்டி, ஏ.ஐ. இப்படிச் சொல்லுது" என்று போனை நீட்டுகிறார்கள். பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. எனக்கு அதன் மேல் கோபமில்லை, ஆசையோடுதான் பார்க்கிறேன். ஆனாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உனக்கு எவ்ளோ வருது?" என்று கேட்கிறேன். அந்தப் பிள்ளை யோசிக்கிற நேரத்தில் ஒரு கற்பூர வாசனை வந்து போகும். அன்று டீச்சர் அதைக் கேட்காமல் விட்டிருந்தால், ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று நம்பியபடியே நான் கூட்டேரிப்பட்டுக்குப் பஸ் ஏறியிருப்பேன்.