வெயிலில் வைத்த கிளாரினெட்

நான் கட்டுமரக்காரர் வீட்டுப் பெண். ராயபுரம் குப்பத்தில் பிறந்தவளுக்கு மரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் அப்போது எனக்கு நிறையவே இருந்தது. கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உருட்டிக் காயப்போடுவோம். ஈரத்தோடு விட்டால் கனத்துவிடும்.

வாழ்க்கைப்பட்டதோ, துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டே கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதப் பழகியவருக்கு. வாத்தியம் செட்டுக்காரருடையது. தண்டையார்பேட்டைக் கல்யாண ஊர்வலத்தில் ஒழுங்காக ஊதினால் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில் ஊதிப் பழகிவிட்டு வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பினார்.

"உள்ள எச்சித்தண்ணி நிக்கும்மே. கழட்டித் தொடச்சி காய வையி. ஈரத்தோட வுட்டா பேஜாராப் பூடும்."

இது எனக்குத் தெரியாதா? ஐந்து துண்டாகக் கழற்றி, துணியை உள்ளே விட்டுத் துடைத்து, வாசல் மணலில் உச்சி வெயிலில் வரிசையாக வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால், ஊதுகிற முனைக்கு அடுத்த குட்டைத் துண்டில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல்.

ஒன்றுமே புரியவில்லை. இதுவும் மரம்தானே? அப்பாவின் மரங்கள் நாள் முழுக்க வெயிலில் கிடந்து மறுநாள் கடலுக்குப் போகவில்லையா? விரிசல் முன்பே இருந்ததோ? நான் துடைத்தது போதவில்லையோ?

மாலையில் வந்தவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தப் போயி வெயில்லயா வச்ச?"

"நீதான காய வைக்கச் சொன்ன?"

"நெழல்லன்னு சொல்லல இல்ல நானு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

துண்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். அவருக்கும் புரியவில்லை. "மரத்த எவனாச்சும் நெழல்ல காய வைப்பானா கண்ணு?" என்றார். சொல்லிக்கொண்டே வலை நூலில் தேன்மெழுகைத் தேய்த்து, கட்டுமரத்தைப் பிணைக்கிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுக்குமேல் சுற்றாக இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

ஊர்வலத்தன்று கூட்டத்தோடு கூட்டமாக நானும் நடந்தேன். நடுவில் ஒரு சுரம் நடுங்கியது. நடுங்கியது நூல் கட்டா, ஊதிய வீட்டுக்காரரா, பயத்தில் என் காதா? என் உயிர் என்னிடம் இல்லை. ஊர்வலம் முடிந்ததும் செட்டுக்காரர் அந்த நூல் கட்டைத் தடவிப் பார்த்தார். வீட்டுக்காரர் போட்டிருந்த செட்டின் சிவப்புக் கோட்டு இனி அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் நான் வாத்தியத்தைவிட்டு எட்டிப் போய் உட்கார்ந்தேன். இனி அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவர் ஐந்து துண்டாகக் கழற்றி, நூல் கட்டியதை முதலில் என்னிடம் நீட்டினார்.

"நீயே தொடை. நெழல்ல வையி."

இரண்டு நாளாக வராத அழுகை அப்போது வந்தது.

"இப்ப இன்னாத்துக்கு அழுவுற?" என்றார்.

துணியை எடுத்து, நூல் கட்டிய துண்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.