கடைசித் தட்டு

எட்டாம் மாதத்திலேயே பிறந்து, பிழைக்காது என்று எல்லோரும் கைவிரித்த பிறகும் பிழைத்தாள். இடது கண்ணில் பாதிப் பார்வைதான். அதை வைத்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள். கணக்கில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாள். கணினி வாங்க வழியில்லாததால், நகலெடுக்கும் கடையில் உட்கார்ந்து ஊரார் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்துகொடுத்தே தொழில் கற்றாள். இருபத்தாறு வயதில், வீடுகளுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில், நாற்பது பேர் கேட்ட வேலையை வாங்கினாள். சிறுத்துப் பிறந்ததால் வீட்டில் அவளுக்குப் பெயர் சுண்டு. அலுவலகத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

பதினோரு வயது மூத்த அக்காவும் அங்கேதான் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தாள். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. வரைபடங்களைக் காப்பது அவள் பொறுப்பு. ஒரு வீட்டுக்கு ஒரே படம்தான் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். திருத்திய படம் வந்ததும், பழையதன் மூலையில் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துக் கடைசித் தட்டுக்கு இறக்கிவிடுவாள். வெளியே போகும் எல்லாப் படத்திலும் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் அவள் கையெழுத்துதான்.

சுண்டுக்கு வேலை கிடைத்த அன்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தவள் அக்கா. அந்தப் பூரிப்பு ஒரு மாதம் தாங்கியது.

சுண்டு எல்லாப் படங்களையும் கணினியில் ஒரே பொது ஃபோல்டரில் சேர்த்து, அலுவலகத்தில் யாரும் அவரவர் மேசையிலிருந்தே திறக்கும்படி செய்துவிட்டாள். “சுண்டு, அந்த மாடி வீட்டுப் படம் எங்க?” என்று அலுவலகத்தை நடத்தும் பொறியாளர் குரல் கொடுப்பார். முன்பெல்லாம் அந்தக் கேள்வி அலமாரிப் பக்கம் வரும். தேநீர்கூட முதலில் சுண்டு மேசைக்குப் போவதாக அக்காவுக்குத் தோன்றியது. நான்கு நாள் கவனித்தாள். தோன்றியது சரிதான்.

“நீயும் திறந்து பாரேன்க்கா, சுலபம்தான்.”

“எனக்கு எதுக்குடி? உன் ராஜ்ஜியம், நீயே ஆளு.”

திறக்கவே இல்லை. அதற்குப் பதில் ஒரு பென் டிரைவ் வாங்கினாள். புதன்கிழமைதோறும் வரைபவரிடம் படங்களை அதில் போட்டு வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். தனக்கென்று ஒரு அலமாரி.

ஒரு சனிக்கிழமை சுண்டு விடுப்பு. மாடி வீட்டு மேஸ்திரி படம் கேட்டு வந்தார். “சின்னம்மா இல்லையா? அப்ப திங்கக்கிழமை வர்றேன்” என்று அவர் திரும்பியது அக்காவுக்குச் சுருக்கென்றது. “ஏன், நான் இல்லையா?” என்று நிறுத்தி, பென் டிரைவில் இருந்ததைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

படிக்கட்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றி, வெள்ளிக்கிழமையே புதுப்படம் வந்திருந்தது. பென் டிரைவில் இருந்தது புதன்கிழமைப் படம்.

செவ்வாய்க்கிழமை காலை மேஸ்திரி வந்து நின்றார். “மூணு படி கட்டியாச்சு சார். அதுல ஏறினா நேரா பக்கத்து வீட்டு ஜன்னல்லதான் இறங்கணும்.”

பொறியாளர் சுண்டுவிடம் திரும்பினார். “பத்தொம்பது வருஷமா அக்கா கையில தப்பு வந்ததில்ல. நீ வந்து நாலு மாசத்துல படிக்கட்டே இடம் மாறிடுச்சு. தப்பான ஃபைலை வச்சா அவங்க என்ன செய்வாங்க? இந்த மாசத்தோட நின்னுக்கம்மா.”

சுண்டு அக்காவைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடம் அக்காவுக்கு உள்ளே தித்தித்தது. பத்தொன்பது வருடம் என்று அவர் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று.

“நீங்களே திறந்து பாருங்கக்கா” என்றார் பொறியாளர்.

முதல் தடவையாக அந்த ஃபோல்டரைத் திறந்தாள். மாடி வீட்டுக்கு ஒரே படம். படிக்கட்டு வலப்பக்கம். அதன் கீழே சின்னதாக இன்னொரு ஃபோல்டர். அதன் பெயர் ‘கடைசித் தட்டு’. உள்ளே பழைய படங்கள். ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னாலும் ‘சிவப்பு’ என்று தட்டியிருந்தது.

அக்கா அந்தச் ‘சிவப்பு’களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு கைப்பையைத் திறந்து பென் டிரைவை மேசைமேல் வைத்தாள்.

“இவ வச்சது சரியாத்தான் இருக்கு சார். நான் இதுலேர்ந்து எடுத்துக் குடுத்தேன். பழசு.”

மேஸ்திரி செருப்பைப் பார்த்தார். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்களா?” என்றார். சுண்டுவிடம், “நீ உன் வேலையைப் பாரும்மா” என்றார்.

அக்கா சரியான படத்தைப் பிரிண்ட் எடுத்துத் தங்கை முன்னால் வைத்தாள். “சரிபார்த்தவர் கட்டத்துல நீ கையெழுத்துப் போடு.”

“அது உன் கட்டம்க்கா.”

“போடுடி. மேஸ்திரி நிக்கிறாரு.”

சுண்டு தன் முழுப்பெயரை எழுதிக் கீழே ஒரு சுழி சுழித்தாள். அக்கா கையெழுத்தைவிட அழகாகவே இருந்தது. அக்கா அதையும் கவனித்தாள். பேனாவை வாங்கி, பக்கத்தில் தேதியை மட்டும் தன் கையால் எழுதினாள்: 11-3-2014, செவ்வாய்க்கிழமை.