ஒரே நாளில் வீடு மாறும் ஊர்

செப்டம்பர் முதல் தேதி பாஸ்டன் நகரமே வீடு மாறுகிறது. தெருவுக்கொரு கல்லூரி இருக்கிற ஊர். மாணவர்களின் வாடகை ஒப்பந்தங்கள் முந்தின நாளே முடிந்துவிடும். நடைபாதை முழுக்க மெத்தை, மேசை, விளக்கு. முதல் வருஷம் யாரையோ சாமான்களோடு வெளியே தள்ளிவிட்டார்கள் என்று பதறினேன். இது மூன்றாவது வருஷம். எதுவும் தோன்றவில்லை.

சோபாவின் மறுமுனையைப் பிடித்திருந்த அறைத்தோழன் ரயன், என் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டான். குத்தகை விவசாயி என்றேன். "அப்ப அவரும் டெனன்ட்தானா? எத்தனை வருஷத்துக்கு ஒருதடவை இடம் மாறுவார்?" மாறமாட்டார், தாத்தா காலத்திலிருந்து அதே வயல்தான் என்றேன். "ஓனர் நல்லவர் போல" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வலங்கைமான் பக்கம் மூன்று ஏக்கர் மடத்து நிலம். மடத்தார் ஆள் வைத்து வெளியேற்ற வந்தபோது தாத்தா வரப்பில் படுத்துக்கொண்டாராம். பிறகு கழக ஆட்சியில் குத்தகைதாரரைப் பதிவு செய்யச் சட்டம் வந்ததும், கைநாட்டு வைத்துத் தன் பெயரைப் பதிந்தார். அவருக்குப் பின் அப்பா. உடம்பால் பாடுபடும் வாரிசுக்குத்தான் அந்த உரிமை போகும். இடுப்பு வலியால் சேற்றில் இறங்க முடியாத அப்பா, பதிவை என் பெயருக்கு மாற்ற மனுக் கொடுத்தார். மகன் கூட நின்று சாகுபடி செய்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் வக்கீல். நானும் சரி என்றேன்.

போன வாரம் விசாரணை. அன்றே அப்பா போன் செய்தார்.

"பையன் என்னங்க பண்றாருன்னு ஆபீசர் கேட்டாரு தம்பி. அமெரிக்காவுல படிக்கிறான், எங்க வம்சத்துலயே மொத ஆளுன்னு சொல்லிட்டேன்."

"ஏம்ப்பா?"

"அவ்வளவு பேரு நிக்கிறாங்க. வயல்ல கெடக்கான்னு சொல்ல வாய் வரலப்பா."

மடத்துக் காரியஸ்தர், "அப்ப சம்பா நடவுக்கு ஏரோப்ளேன்ல வந்து எறங்குவாரா?" என்றாராம். எல்லோரும் சிரிக்க, அப்பாவும் சிரித்திருக்கிறார். அடுத்த விசாரணைக்கு நானே நேரில் வந்து, சாகுபடி செய்வதாகச் சொன்னால் பார்க்கலாம் என்றாராம் அதிகாரி.

"வரட்டுமாப்பா?"

"வந்து பொய்யா சொல்லப்போற? நானே சொல்லல. படி. நான் இருக்குறவரைக்கும் என் பேருல கெடக்கட்டும்."

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சரிப்பா என்றேன்.

சோபாவை மேலே ஏற்றிவிட்டு, புது வீட்டின் தபால்பெட்டிக்கு வந்தோம். முன்பு குடியிருந்தவர்களின் பெயர்ச் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. கிழிக்கப் பார்த்தேன், வரவில்லை. என் பெயரை எழுதி அவற்றின்மேலேயே ஒட்டினேன். ஊர்ப் பதிவேட்டில் அப்பா பெயருக்குக் கீழே யாரும் இல்லை. இங்கே என் பெயருக்கு அடியில் நான்கு பேர் இருக்கிறார்கள்.