சுவரில் ஒட்டிய சுற்றறிக்கை

"வெளியிலிருந்து கொண்டுவரப்படும் பென் டிரைவ் எதையும், பிரிவுக் கண்காணிப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதியும் வைரஸ் சோதனையும் இன்றி, அலுவலகக் கணினியில் செருகக் கூடாது." கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தின் சுற்றறிக்கை இது. எழுதியது நான், கையெழுத்திட்டதும் நான், அந்தக் கண்காணிப்பாளரும் நானே. கணினிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தோம். ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். அதைப் படித்தவர்கள் யாருமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிச் சிறிது காலம்தான் ஆகியிருந்தது. இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த மாதங்கள். ஒரு நாள் காலை மறியலால் பஸ் ஓடவில்லை. மேலிடத்துக்கு மாலை நான்கு மணிக்குள் மின்னஞ்சலில் ஓர் அறிக்கை போயாக வேண்டும். திருக்கோவிலூரில் என் வீட்டிலேயே தட்டச்சு செய்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். மதியம் பஸ் ஓடியதும் கிளம்பி வந்து, பிழை பார்க்க ஒரு பிரதி வேண்டுமென்று பஸ் நிலையத்தருகே ஜெராக்ஸ் கடையில் அதைக் கொடுத்து அச்செடுத்தேன். ஊரிலுள்ள பென் டிரைவ்களெல்லாம் சங்கமிக்கும் இடம் அது.

அலுவலகத்தில் கணினியைக் கவனித்தது ஒரு தற்காலிகப் பணியாளர். கல்வராயன் மலையிலிருந்து வந்த பெண். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்கப் பரிந்துரைக்க வேண்டியவன் நான். பென் டிரைவை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"அனுமதி எழுதிக் குடுங்க சார். செக் பண்ணிட்டுப் போடறேன்."

"அந்த சர்குலரைப் போட்டவனே நான்தாம்மா."

"அதான் சார், உங்களுக்குத் தெரியாததா?"

பக்கத்து மேசை எழுத்தர் சிரித்தார். "இன்னாம்மா, மலையிலேர்ந்து எறங்கி வந்து சாருக்கே ரூல் சொல்றியா? மாசக் கடைசி வருது, ஞாபகம் வெச்சுக்க."

"நான் சொல்லலைங்கண்ணா. செவுத்துல ஒட்டிக்கிறதத்தான் படிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடங்களுக்கு மேலாக மற்றவர்களுக்கு விதி சொன்னவன் நான். ஒரு தாளை இழுத்து அனுமதியைக் கிறுக்கிக் கொடுத்தேன். கோபத்தில் தேதி போட மறந்துவிட்டேன். அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூலையில் எந்த இணைப்பும் இல்லாத பழைய கணினி ஒன்று கிடந்தது. அதில் செருகினார். கொஞ்ச நேரத்தில் திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. என் அறிக்கை இருந்த இடத்தில் நான் உருவாக்காத ஏதேதோ கோப்புகள்.

நல்ல கணினியில் என்ன இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலைக் கிராமத்து மாணவர்களின் சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்கள். மேலே சிக்னல் கிடைக்காததால் அவர்கள் காகிதமாகக் கொண்டுவந்ததை இந்தப் பெண்தான் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்திருந்தார். மூலத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பதிவேற்றம் பாதியில் நின்றிருந்தது. நகல் வேறெங்கும் இல்லை. கல்லூரிச் சேர்க்கைக்குச் சில நாட்களே இருந்தன. அன்று அவர் எனக்குப் பயந்து இதை அதில் செருகியிருந்தால் எல்லாம் அழிந்திருக்கும்; அந்தப் பிள்ளைகள் மறுபடி மலையிறங்கி வர வேண்டியிருந்திருக்கும். வருவதற்குள் இடம் போயிருக்கும்.

அந்தப் பெண் நான் அச்செடுத்த பிரதியை வாங்கி வைத்து, முழு அறிக்கையையும் மறுபடி தட்டச்சு செய்தார். வெளியே கோஷம் கேட்டுக்கொண்டிருந்தது. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் முன்பாக அறிக்கை போனது. எழுத்தர் எழுந்துபோய் மூவருக்கும் டீ சொன்னார்.

மறுநாள் விதிமீறலுக்காக எனக்கு நானே விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை தயாரித்தேன். பதிலும் நானே எழுதினேன்; திருப்தியாக இல்லை, ஆனாலும் கோப்பில் சேர்த்தேன். பிறகு அந்தப் பெண்ணின் பணி நீட்டிப்புக்குப் பரிந்துரை எழுதினேன். 'மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவை ஏற்க மறுத்தார்' என்பதையே முதல் தகுதியாகக் குறிப்பிட்டேன். பதில் இல்லை. நினைவூட்டு ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குள் நான் ஓய்வு பெற்றேன். அவரோ ஆணை இல்லாமலே தினமும் வந்து வேலை பார்த்தார்.

பணிக்காலம் முழுவதும் ஆயிரக்கணக்கான கடிதங்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். இன்றும் நான் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்வது, என்னை மறுத்தவருக்காக எழுதிய அந்த ஒரு கடிதத்தைத்தான். 'நீட்டிப்பு வழங்கப்படுகிறது' என்று அதற்குப் பதில் வந்த நாள், அடுத்த வருடம் ஜூன் பதினொன்று.