கத்தி யார் கையில் இருந்தது?

மொழிபெயர்ப்பாளன் என்பவன் இருவர் பேச்சுக்கு நடுவே நின்று, இருவர் கோபத்தையும் தனக்கே உரியதாக ஏற்கக் கடவன். அத்தொழிலில் வெந்த அன்பர்கள் இதைப் படித்துத் தலையசைப்பார்கள். ஐம்பதுகளின் நடுவில், ஹட்டனுக்கு அருகே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் அப்பணி எனக்கு வாய்த்தது. நீறு பூசி, காலையில் பதிகம் ஓதிய அதே வாயால் பகல் முழுதும் குடலிறக்கத்தையும் மூலத்தையும் மொழிபெயர்ப்பேன்.

ஒருமுறை கொழும்பிலிருந்து தமிழ் அறியாத அறுவை வல்லுநர் இருவர் வந்தனர். எங்கள் பெரிய டாக்டரின் கீழ் அறுவை சிகிச்சை பயின்ற சின்ன டாக்டருக்கு இங்கே கிடைப்பது தரமான பயிற்சிதானா என்று பார்ப்பது அவர்கள் வேலை. தரமானது என்றால் அவர் இங்கேயே தொடர்வார். இல்லையென்றால் கொழும்புக்குத் திரும்புவார். அவருக்குப் பின் வேறெவரையும் மலைக்கு அனுப்ப மாட்டார்கள்.

வார்டில் ஒரு பெரட்டு

குழு நுழைந்தபோது கட்டில்களில் ஒருவரும் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் பேர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டுக்கு நிற்பதைப் போல, தோட்டத் தொழிலாளரான நோயாளிகள் அனைவரும் கட்டிலோரம் வரிசையாக நின்றனர். குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்ட பொகவந்தலாவை இராமையா, தையல் போட்ட இடத்தைப் பிடித்தபடி முதலாளாக நின்றார். தாதி கெஞ்சிப் பார்த்துவிட்டு ஒதுங்கியிருந்தாள்.

"படுத்துக்கொள்ளச் சொல்லும்" என்றார் குழுத் தலைவர். சொன்னேன். இராமையா அசையவில்லை.

"தொரை நிக்கிறப்ப நாங்க படுத்தா பேரு வெட்டிருவாங்க. மொதல்ல அவரு உக்காரட்டும், அப்பறம் பாப்போம்."

தொடாத கை

"உமக்கு அறுவை செய்தவர் யார்?" என்று தலைவர் கேட்டார். செய்தவர் சின்ன டாக்டர். ஆனால் வெளியூரார் வந்து 'யார் செய்தது' என்று கேட்டால், தோட்டத்தில் எவனோ ஒருவனுடைய வேலை போகப்போகிறது என்று பொருள். இராமையா, மூலையில் வெளிறி நின்ற சின்ன டாக்டரைப் பரிவோடு பார்த்தார். "எல்லாம் பெரிய டாக்டருதாங்க. சின்னவரு அந்தப் பக்கமே வரல."

அடுத்த கட்டிலும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும் அதையே சொன்னது. கேட்டதைக் கேட்டபடி சொல்வதே என் கடமையாதலால், நாவை அடக்கி அத்தனையும் மொழிபெயர்த்தேன். "இவர் இங்கே தேநீர் ஊற்றவா வந்தார்?" என்று தலைவர் பெரிய டாக்டரைக் கேட்டார். பெரிய டாக்டர் நீட்டிய அறுவை ஏட்டை, 'நோயாளிகள் சொல்வதே சாட்சி' என்று தள்ளிவிட்டார். இராமையாவோ என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"தப்பிக்க வச்சிட்டோம் பாத்தீங்களா ஐயா. சின்னவரு மேல ஒரு தூசி விழல."

முனியம்மாவின் குறை

கடைசிக் கட்டில் அக்கரப்பத்தனை முனியம்மாவுடையது. அவரும் "பெரியவருதாங்க" என்றே தொடங்கினார். தலைவர் சலித்துத் திரும்பியவர், மரியாதைக்காக, "ஏதேனும் குறை உண்டா?" என்று கேட்டுவைத்தார். பார்வையிட வந்த எவரும் முனியம்மாவிடம் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

"இல்லாமயா? முதுகுல ஊசி போட்டு இடுப்ப மரக்க வச்சாங்க. காது மரத்துப் போகலியே. பெரியவரு 'இப்ப எங்க வெட்டப் போறாய், ஏன் அங்க'ன்னு கேட்டுக்கிட்டே நின்னாரு. சின்னவரு காரணம் சொன்னாத்தான் கத்தி நகரும். போட்ட தையல வேற பிரிச்சு மறுபடி போடச் சொன்னாரு. பள்ளிக்கூடம் நடத்த என் வயிறுதான் கெடைச்சுச்சா?"

எங்கள் பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்தவர். கோபம் வந்தால் ஆங்கிலத்தை மறந்து தமிழில் கற்பிப்பார். முனியம்மா சொன்னதில் ஓர் எழுத்தும் சிந்தாமல், பதிகம் ஓதும் பக்தியோடு மொழிபெயர்த்தேன். தலைவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மறுபடி சொல்லச் சொல்லும், முதலிலிருந்து" என்றார். அவர் உட்கார்ந்ததைக் கண்டு வார்டு முழுதும் நிம்மதியாகப் படுத்தது. சின்ன டாக்டரின் முகத்தில் மெல்ல இரத்தம் ஊறியது.

இராமையா மட்டும் போர்வைக்குள்ளிருந்து கடுகடுத்தார்.

"இப்படிக் காட்டிக் குடுத்திட்டியே, ஆத்தா."

மறைத்துக் காக்க நினைத்தவர்கள் சின்ன டாக்டரைக் கொழும்பு ரயிலில் ஏற்றப் பார்த்தார்கள், குறை சொன்னவர் ஹட்டனிலேயே நிறுத்திவிட்டார், இரண்டையும் என் வாயாலேயே சொன்ன எனக்கோ அதில் ஒரு சொல்லும் சொந்தமில்லை.