தேய்க்காத தட்டு

எங்கள் பூஜை அறையில் ஒரு சின்னப் பித்தளைத் தட்டு இருக்கிறது. மற்ற பாத்திரங்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். இதன் நடுவில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கரி படிந்திருக்கும். ஒரு பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது யோசனை இல்லாமல் அதையும் மற்றவற்றோடு எடுத்துப் போட்டுவிட்டேன். அத்தை அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் ஓடி வந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். "இதைத் தேச்சுப்போடாதே கண்ணு. இது இப்படியே கெடக்கட்டும்" என்றார். அத்தை என்றால் என் மாமியார். போன ஆடியில் தவறிவிட்டார்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு ஊர் எங்களுடையது. மாமா, அதாவது என் மாமனார், ஒரு பழைய கட்சியின் கிளைச் செயலாளர். கூடத்தில் சாமி படங்களுக்கு மேல் வரிசையில் கட்சித் தலைவர்களின் படங்கள் இருக்கும். கட்சிக் கரை இல்லாத வேட்டியை மாமா கட்டி நான் பார்த்ததில்லை. தேர்தல் வந்தால் வாசலில் நாற்காலி போட்டு ஒன்றியச் செயலாளரும் மற்றவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். "நம்ம ஊட்டு ஓட்டு எங்கீங்க போகப்போகுது" என்பார் மாமா, பட்டியில் அடைத்த ஆடுகளைப் பற்றிச் சொல்கிற அதே தொனியில். அந்த ஆடுகளில் நானும் ஒன்று. கோவையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு பஸ் பிடித்து வரும் படித்த ஆடு. அத்தை எல்லோருக்கும் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பார். பேச்சு நிற்காது. ஒவ்வொரு கையாக நீண்டு டம்ளரை எடுத்துக்கொள்ளும். காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அவர் உள்ளே வருவார்.

போன சட்டமன்றத் தேர்தலில்தான் ஒரு பையன் வேட்பாளராக நின்றான். வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவன், நேற்று முளைத்த ஒரு கட்சி. கட்சிக் கொள்கை என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் முகம் தெரியும். முழங்கை வரை சுருட்டிவிட்ட வெள்ளைச் சட்டை, கொஞ்சம் தாடி, கண்ணைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பன் சாப்பிடுகிறான், தறிக்குடோனில் அறுந்த நூலை முடிந்துபார்த்துத் தோற்றுச் சிரிக்கிறான்; ஊரில் எல்லோருடைய போனிலும் அவன்தான். மாமா அந்தப் படங்களைப் பார்த்து, "சினிமாவுல சேர வேண்டியவன் தெரியாம இங்க வந்துட்டானாட்ட இருக்குது" என்று கேலி செய்தார். எனக்கும் அதே எண்ணம்தான்.

ஒரு சாயங்காலம் அவன் எங்கள் வீதிக்கு வந்தான். மாமா வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அத்தை கதவோரம் நின்றிருந்தார். அவன் படியேறி வந்து கும்பிட்டு, "உங்க பேரு என்னங்கம்மா?" என்று கேட்டான். அத்தை கொஞ்சம் திகைத்துவிட்டுச் சொன்னார். அவர் தன் பெயரைத் தானே உச்சரித்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அவன் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி, போய்வருகிறேன் என்று விடைபெற்றான். பின்னால் ஒரு பையன் கேமராவோடு நின்று முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் கீரை ஆய்ந்துகொண்டே நான் அத்தையைச் சீண்டினேன். "அத்தனையும் நடிப்புங்கத்தை. எல்லா ஊட்லயும் இதே கேள்விதான் கேட்டிருப்பான்" என்றேன்.

அத்தை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நடிப்பாவே இருக்கட்டும் கண்ணு. உங்க மாமாவோட கட்சிக்காரங்க இத்தன வருசத்துல நடிக்கக்கூட இல்லியே."

நான் அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தேன்.

பையன் ஜெயித்துவிட்டான். அதைவிடப் பெரிய அவமானம், எந்தக் காலத்திலும் கை நழுவாத எங்கள் வாக்குச்சாவடியிலேயே கட்சி பின்தங்கிவிட்டது. ஒன்றியச் செயலாளர் கொதித்துப்போய் வந்தார். "எல்லாம் பொம்பளைங்க ஓட்டுங்க. மூஞ்சியப் பாத்து மயங்கிப் போட்டுட்டாங்க" என்றார். அடுத்து வரப்போகிற ஊராட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு மாமாவைத்தான் நிறுத்துவதாகக் கட்சியில் பேச்சு இருந்தது. மாமா அதற்காக எத்தனை வருடம் காத்திருந்தார் என்பது வீட்டுக்குள் இருந்த எங்களுக்குத் தெரியும். அந்த வாய்ப்பு கைவிட்டுப் போகிறதே என்ற பதற்றத்தில் மாமாவே சொன்னார்: "கோயில்ல சூடம் பத்த வெக்கலாமுங்க. கட்சிக் குடும்பத்துப் பொம்பளைங்க அத்தன பேரும் வந்து, நம்ம கட்சிக்குத்தான் போட்டோம்னு அணைச்சு சத்தியம் பண்ணட்டும். என்ற ஊட்ல இருந்தே ஆரம்பிங்க." அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொல்வதற்கு மேல் எங்கள் ஊரில் சத்தியம் கிடையாது. மாமாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. தன் வீட்டுப் பூஜை அறைத் தட்டையே கொண்டுவந்தார்.

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று சத்தியம் கேட்க இவர்கள் யார்? ஆனால் வரிசையில் நிற்கத்தான் செய்தேன், அத்தைக்கு அடுத்தாற்போல. தட்டில் ஒரு பெரிய கட்டிக் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அத்தை அணைத்தால் மாமாவின் மானம் பிழைக்கும். ஆனால் தான் வருடா வருடம் விரதமிருந்து தீர்த்தக்குடம் எடுக்கிற அம்மன் முன்னால் பொய் சொன்னதாகும். மாமா தலையசைத்தார்: ம், அணை.

அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பொய்ச் சத்தியம் பண்ண மாட்டனுங்க. நான் அந்தப் பையனுக்குத்தானுங்க போட்டேன்."

ஒன்றியச் செயலாளர் சிரித்தார். "மூஞ்சியப் பாத்துங்களாக்கும்?"

"ஆமாங்க, மூஞ்சியப் பாத்துத்தான். நீங்க எங்க ஊட்ல எத்தன காப்பி குடிச்சிருப்பீங்க? என்ற மூஞ்சிய ஒருக்காவாச்சும் நிமுந்து பாத்திருக்கீங்களா? இப்பத்தானுங்க முதல் தடவையா பாக்கறீங்க."

செயலாளர் என் பக்கம் திரும்பி, அடுத்து வா என்பதுபோல் பார்த்தார். நான் அசையவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெண்களும் அசையவில்லை. கற்பூரத்தை யாரும் அணைக்கவில்லை. அது எரிந்து எரிந்து, தட்டின் நடுவில் கரி படிய, தானாகவே அடங்கியது. அத்தை முந்தானையால் தட்டைப் பிடித்து எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

ஊராட்சித் தேர்தலில் மாமாவுக்கு இடம் கிடைக்கவில்லை. பல நாள் அவர் அத்தையோடு பேசவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல" என்றார். "நீங்க கேட்டீங்களா?" என்றார் அத்தை. ரசத்தை ஊற்றிக்கொண்டே, சாதாரணமாக. மாமா இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

அந்தப் பையன் அதற்கப்புறம் எங்கள் வீதிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாக்கடை அப்படியே இருந்தது. அவன் சிரிக்கும் பேனர் ஒன்று கோழிப்பண்ணைக்குச் சாரல் மறைப்பாகக் கட்டப்பட்டு வெளுத்தது. "உங்க சிரிப்பழகன் எங்கீங்க?" என்று ஊர்க்காரர்கள் அத்தையைக் குத்திக் காட்டினார்கள். அத்தை கூசவே இல்லை. "இல்லீன்னா அடுத்த தடவ மாத்திப் போடறேன். ஓட்டு என்ற கையிலதான இருக்குது" என்பார். எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும், மக்கள் முகத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள் என்று பெரிய மனிதர்கள் உச்சுக் கொட்டும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா போட்ட கட்சிக்கே மகனும் போடுவது விசுவாசமாம், முகம் பார்த்துப் போடுவது மட்டும் மயக்கமாம். முகம் பார்த்தவள் ஏமாந்திருக்கலாம். பார்க்காமலே போட்டுக்கொண்டிருந்த அத்தனை வருடமும் அவளுக்கு என்ன கிடைத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் யாருக்குப் போட்டேன் என்கிறீர்களா? அதை மாரியம்மன் கோயிலிலேயே சொல்லவில்லை, இங்கேயா சொல்வேன்?

இப்போது மறுபடி தேர்தல். மாமாவின் கட்சியும் பாடம் படித்துவிட்டது. அழகான ஒரு புது வேட்பாளர், வெள்ளைச் சட்டை, சுருட்டிய கை, பின்னால் கேமரா. போன வாரம் அதே ஒன்றியச் செயலாளர் அவரை எங்கள் வாசலுக்குக் கூட்டி வந்தார். வேட்பாளர் என்னைக் கும்பிட்டு, "உங்க பேரு என்னங்கம்மா?" என்றார். "ஒரு ஆரத்தி எடுத்துப்போடுங்கம்மிணி, படம் நல்லா வரும்" என்றார் செயலாளர்.

உள்ளே போய் அந்தத் தட்டை எடுத்து வந்தேன். கரியின் மேலேயே ஒரு கட்டிக் கற்பூரத்தை வைத்து ஏற்றினேன். தட்டைப் பார்த்ததும் செயலாளரின் முகம் மாறியது. நான் சுற்றவில்லை. வேட்பாளரின் நெஞ்சுக்கு நேராக நீட்டிப் பிடித்தேன்.

"ஜெயிச்சதுக்கப்புறமும் இந்த வீதிக்கு வருவேன்னு இதை அணைச்சுச் சொல்லுங்க. என்ற பேரு அப்புறம் சொல்றேன்."

அவர் சிரித்தபடியே செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தரையைப் பார்த்தார். கேமராப் பையன் மெல்லக் கேமராவை இறக்கினான். என் விரல் சுட்டது, நான் விடவில்லை. யாரும் கை நீட்டவில்லை. கற்பூரம் எரிந்து அடங்கியதும் அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

திரும்பினால், கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் மாமா. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கட்சி வேட்டிதான் கட்டியிருந்தார். நான் தட்டோடு உள்ளே நுழைந்தபோது எட்டி அதைப் பார்த்தார். கரி முன்னைவிடக் கொஞ்சம் அகலமாகியிருந்தது.

"தேச்சுப்போடாதே அம்மிணி" என்றார்.